எதன் யூனிட் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பதிப்பில் வைகை அணை, பெரியாறு அணை நிலவரம் நாள்தோறும் வருகிறது. நீர்மட்டம் அடியில், நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, இருப்பு மில்லியன் கன அடியில் என்று மூன்றையும் பிரித்துத்தான் அச்சிடுகிறீர்கள். மேலூர்ப் பக்கத்து விவசாயி அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு, ஒருபோகத்துக்குத் தண்ணீர் எட்டுமா எட்டாதா என்று டீக்கடையிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார். அந்தக் கவனத்தை ‘யூனிட்’ என்ற சொல்லுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம்.

மின்கட்டணச் செய்தியில் யூனிட் வருகிறது. எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) விலையேற்றச் செய்தியிலும், ரத்ததான முகாம் செய்தியிலும், மருத்துவப் பக்கத்தில் இன்சுலின் பற்றிய கேள்வி பதிலிலும் அதே சொல்தான். மீட்டரில் அது 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடிய கணக்கு. லாரியில் 100 கன அடி. ரத்த வங்கியில் ஒரு பை. இன்சுலினில் மருந்து செய்யும் வேலையின் அளவு. சொல்லை மட்டும் போட்டு அளவை விட்டுவிட்டால் முதல் இரண்டில் காசு போகும், மூன்றாவதில் நேரம் போகும், நான்காவதில் உயிரே போகலாம். படப்பிடிப்பு யூனிட், ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இயங்கும் யூனிட், பாடப்புத்தகத்தில் மூன்றாவது யூனிட் என்பதெல்லாம் ‘ஒரு பிரிவு’ என்ற பொருளில் வருபவை. அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, விட்டுவிடலாம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1570-ல் வந்தது. அந்த ஆண்டு வெளியான யூக்ளிட் கணித நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய ஜான் டீ, ‘ஒன்று’ என்ற எண்ணைக் குறிக்க இதைக் கையாண்டார். எதை எண்ணுகிறோமோ அதில் ஒன்று, அவ்வளவுதான் இதன் பொருள்.

மின்சாரத்திலிருந்து தொடங்குகிறோம். பில்லில் வரும் 1 யூனிட் என்பது 1 கிலோவாட் மணி. பிரிட்டனில் இதை வர்த்தக வாரியத்தின் பெயரால் ‘போர்டு ஆஃப் டிரேடு யூனிட்’ என்றார்கள். முன்பாதி உதிர்ந்து யூனிட் மட்டும் நம் வீட்டு மின்கணக்கு அட்டை வரை வந்து நிற்கிறது. செய்திகளில் அதிகம் பிசகுவது கிலோவாட், மெகாவாட் ஒருபக்கம், யூனிட் மறுபக்கம். அணைக் கணக்கை வைத்தே இதைப் பிரித்துவிடலாம்: மெகாவாட் என்பது வினாடிக்கு எத்தனை கன அடி என்பது போல, அந்த நொடியின் வேகம். யூனிட் என்பது மில்லியன் கன அடி போல, சேர்ந்த மொத்தம். ‘ஒரு நாளைக்கு 1,000 மெகாவாட் உற்பத்தி’ என்று எழுதினால் அதில் பொருள் இல்லை. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலை ஒன்று நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் கிடைப்பது 2 கோடியே 40 லட்சம் யூனிட். கமுதி சூரிய மின் பூங்கா 648 மெகாவாட் என்பது நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்சம். ராத்திரியில் அது பூஜ்யம். இரண்டையும் மெகாவாட்டில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

வீட்டு மொட்டைமாடி சோலாருக்கும் இதே கதைதான். 3 கிலோவாட் பேனல் போட்டால் நம் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் எதிர்பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் இது நன்றாகவே குறையும். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கு 78,000 என்று மானியம் அறிவித்தார்கள். மானியம் கிலோவாட் கணக்கில், பில் யூனிட் கணக்கில். விற்க வருபவர் இந்த இரண்டையும் கலந்து பேசும்போது, ‘மாதத்துக்கு எத்தனை யூனிட், அதை எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்டால் போதும்.

வீட்டில் கணக்குப் பார்க்க வாட்டை மணியால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். பழைய ரக ஃபேன் 75 வாட், நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 1.125 யூனிட். இரண்டு மாத பில்லில் அது 67 யூனிட்டைத் தாண்டும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ரக ஃபேன் 30 வாட் என்றால் அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் ஐந்தரை யூனிட்தான். பல்பை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுவதைவிட கீசரைப் பத்து நிமிடம் முன்னதாக அணைப்பது பில்லில் அதிகம் தெரியும். ஏ.சி.யின் ஸ்டார் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரக் கணக்கு. மதுரை வெக்கைக்கு எட்டு மாதம், தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் 2,400 மணி நேரம். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

யூனிட் எண்ணிக்கை ஒன்று கூடினால் எவ்வளவு மாறும் என்பதற்கு 2022 செப்டம்பரில் வந்த கட்டணமே நல்ல உதாரணம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அட்டவணையே மாறி, 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆனது. பில் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பிறகு விலைகள் மாறின. கட்டண உயர்வுச் செய்தி போடும்போதெல்லாம் 500-க்கும் 501-க்கும் தனித்தனியே பில் போட்டுக் காட்டினால் வாசகருக்குப் பெரிய உதவி. நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளுக்கு 480 வரும், 64 நாளுக்கு 512 வரும். ஆகவே கணக்கெடுத்த தேதியையும் அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மீட்டர் முகப்பில் 3200 இம்பல்ஸ் என்பது போல ஓர் எண் இருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை மினுக்கினால் 1 யூனிட். முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விளக்கைப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்து மினுக்கினால் எங்கோ ஒயரிங்கில் கசிவு இருக்கிறது, அல்லது உங்கள் லைனில் வேறு யாருடைய இணைப்போ தொங்குகிறது. மினுக்கவில்லை என்றால், தண்ணீரில் வைக்கும் 1,500 வாட் ஹீட்டர் ராடை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 80 தடவை மினுக்க வேண்டும். வோல்டேஜ் 230-க்குப் பதில் 210 வந்தால் ராடு இழுப்பதும் குறையும், எண்ணிக்கை 67 ஆகிவிடும். அது மீட்டர் கோளாறு ஆகாது. 90-ஐத் தாண்டினால் எழுதிக்கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். இஸ்திரிப் பெட்டியை வைத்து எண்ணக்கூடாது, அது இடையிடையே தானே அணைந்து எரியும்.

அடுத்தது மணல், எம்.சாண்ட், ஜல்லி. தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலில் 1 யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இதே 100 கன அடியை மகாராஷ்டிரத்தில் ‘பிராஸ்’ என்பார்கள். வீடு கட்டுபவர் ‘ரெண்டு யூனிட் லோடு’ என்று சொல்லிக் காசைக் கொடுக்கிறார். வந்தது இரண்டு யூனிட்தானா என்று பார்க்க ஒரு டேப்பும் இரண்டு முழம் நீளக் கம்பியும் இருந்தால் போதும்.

லாரி பாடியை உள்பக்கமாக அளக்க வேண்டும். வெளிப்பக்கம் அளந்தால் பலகையின் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிடும். நீளம் 12 அடி, அகலம் 7 அடி, உயரம் 2½ அடி என்றால் 210 கன அடி, 2.1 யூனிட். மணல் பலகை விளிம்புக்கு ஆறு அங்குலம் கீழே நின்றால் 42 கன அடி குறைவு. ஏறக்குறைய அரை யூனிட்டுக்கு நெருக்கம். பார்வைக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் நடுவில் குவித்து நான்கு மூலையையும் தாழ்வாக விட்டிருப்பார்கள். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நடுக்குவியல்தான் படும். அதனால் மேலே ஏறி, நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பியைத் தரைத்தகடு தட்டும் வரை குத்தி, ஐந்து ஆழத்தையும் கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டும். அந்தச் சராசரிதான் உயரம். கம்பி ஓரிடத்தில் மட்டும் முன்னதாகவே தட்டினால் அடியில் பலகையோ வேறு ஏதோ கிடக்கிறது என்று பொருள். கொட்டுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். கொட்டிய குவியலை அளந்து யாரும் சரியான கணக்கு சொல்ல முடியாது. வண்டி குலுங்கி வந்ததில் கொஞ்சம் அமுங்கியிருக்கும் என்று டிரைவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அதற்காக அரை அடி இறங்காது.

பலருக்குத் தெரியாதது ஈரத்தின் வேலை. மணலில் சுமார் 5 சதவீதம் ஈரம் இருந்தால் ஒவ்வொரு மணலைச் சுற்றியும் தண்ணீர் ஒரு படலமாக நின்று, மணல்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிவைக்கும். மொத்தக் கன அளவு 20, 25 சதவீதம் வரை உப்பிவிடும். நைசான மணலில் இன்னும் அதிகம். முழுக்க நனைந்துவிட்டால் படலம் உடைந்து மறுபடி அமுங்கிவிடும். ஆகவே சொட்டச் சொட்ட வரும் மணலைவிட, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமான மணல்தான் கன அடிக் கணக்கில் நம்மை அதிகம் ஏமாற்றும்.

இதைச் சோதிக்க, பக்கம் நேராக உள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று வேண்டும். வந்த மணலை அமுக்காமல் மூன்றில் இரண்டு பங்கு போட்டு உயரத்தை அளக்கவும். 20 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். மணலைத் தட்டில் கொட்டிவிட்டு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டு குச்சியால் கிளறி, அடங்கவிட்டு மறுபடி அளக்கவும். 16 செ.மீ. என்றால் 4-ஐ 16-ஆல் வகுத்தால் 25 சதவீதம் உப்பல். நீங்கள் 2 யூனிட்டுக்குக் காசு கொடுத்து வாங்கியதில் உண்மையான மணல் 1.6 யூனிட். கலவையிலும் இது தெரியும். சட்டியால் அளந்து சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்று கொத்தனார் போடும் பூச்சு, உண்மையில் ஒன்றுக்கு நான்காக விழும். பூச்சு பலம் குறையாது, சிமெண்ட் மூட்டைகள் கணக்கைவிடச் சீக்கிரம் தீரும். வீட்டுக்காரர் சிமெண்ட் திருட்டுப் போகிறதோ என்று வாட்ச்மேனைச் சந்தேகப்படுவார்.

எடை போட்டு வாங்குவது கன அடியைவிட நல்லது என்பது எங்கள் கருத்து. 1 யூனிட் உலர்ந்த ஆற்று மணல் சுமார் 4½ டன், எம்.சாண்ட் சுமார் 5 டன் வரும். எடையிலும் ஈரம் ஏமாற்றும், ஆனால் 5 டன்னில் 6 சதவீதம் ஈரம் என்றால் 300 கிலோவுக்குள்தான் நஷ்டம். கன அடியில் அதே ஈரம் ஐந்தில் ஒரு பங்கு மணலையே விழுங்குகிறது. எடை போட்டால் காலி வண்டியையும் லோடு வண்டியையும் ஒரே வே பிரிட்ஜில் (எடைமேடையில்), ஒரே நாளில் போட்ட சீட்டு இரண்டும் வேண்டும். வண்டி எண், நேரம் இரண்டிலும் இருக்க வேண்டும். என்றைக்கோ போட்ட காலி வண்டி எடையை எழுதிக் கழிப்பதை ஒப்புக்கொள்ளக்கூடாது. செய்தியில் ‘எம்.சாண்ட் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்’ என்று போடும்போது அது 100 கன அடிக்கா, எத்தனை டன்னுக்கு, கல் உடைக்கும் கிரஷர் வாசல் விலையா, வீட்டு வாசல் விலையா என்பது சேர்ந்து வந்தால்தான் அந்தச் செய்தியால் பயன்.

ரத்தத்தில் அளவு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது, குழப்பம் கேட்பவர்களிடம். ஒரு யூனிட் முழு ரத்தம் என்பது 350 மில்லி அல்லது 450 மில்லி. 45 கிலோவுக்கு மேல் உள்ளவரிடம் 350, 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 வரை எடுக்கலாம். பெரும்பாலும் அது அப்படியே நோயாளிக்கு ஏறுவதில்லை. சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் தனி யூனிட். பெரியவர் ஒருவருக்கு ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறும். தட்டணுவில்தான் சிக்கல். சாதாரணப் பையில் பிரித்த ஒரு யூனிட் தட்டணு 50 முதல் 70 மில்லி, எண்ணிக்கை 5,000 முதல் 10,000 வரை ஏற்றும். ஒரே கொடையாளரை மெஷினில் படுக்கவைத்து எடுப்பது 200 மில்லிக்கு மேல், எண்ணிக்கை 30,000 முதல் 50,000 வரை ஏற்றும். இரண்டையும் ‘ஒரு யூனிட் பிளேட்லெட்’ என்றே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். டெங்கு சீசனில் அரசு ராஜாஜி மருத்துவமனை வாசலில் ஆறு பேர் தேவைப்படும் இடத்துக்கு ஒருவர் வந்து நிற்பதும், ஒருவர் போதும் என்ற இடத்துக்கு ஆறு பேர் வேலையை விட்டு வருவதும் இதனால்தான். தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் வழியில்லை.

ரத்தம் கேட்டு செய்தி போடுகிறவர்கள் குரூப், எந்தப் பகுதி, எந்த முறையில் எடுப்பது, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, என்றைக்கு எத்தனை மணிக்குள் என்று ஆறையும் எழுத வேண்டும். தேதி இல்லாத செய்தி மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். முழு ரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதையும் முகாம் செய்திகளில் ஒரு வரி சேர்க்கலாம்.

இனி இன்சுலின். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் இந்தப் பகுதியை மட்டுமாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இன்சுலின் யூனிட் என்பது மில்லி கணக்கு இல்லை. 1920-களில் டொரன்டோவில் முதலில் மருந்தைப் பிரித்தெடுத்தபோது சுத்தமான பொருள் கையில் இல்லாததால் எடை போட்டு அளக்க முடியவில்லை. பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையைக் குறிப்பிட்ட அளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து தேவையோ, அதை வைத்து யூனிட்டை வகுத்தார்கள். இன்று அதன் எடையும் தெரியும், 1 யூனிட் மனித இன்சுலின் 0.0347 மில்லிகிராம். அந்த யூனிட் எத்தனை மில்லி திரவத்தில் கரைந்திருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிஜ் (மருந்துக் குழாய்), நீண்ட நேரம் வேலை செய்யும் சில வகைகள் எல்லாம் மில்லிக்கு 100. சிலவற்றில் 300 கூட உண்டு.

ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச் ஒண்ணு’ என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது எதுவாகவும் இருக்கலாம். 40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். தினமும் 20 போடுவதாக நினைத்து 8 போட்டுக்கொண்டிருப்பார். சர்க்கரை இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்ச் வாங்கிவிட்டால், கூட்டிய அளவு முழுதாக உள்ளே போய் சர்க்கரை அடியோடு விழும். தலைகீழாக நடந்தால் அன்றைக்கே ஆபத்து. 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். இரண்டரை மடங்கு. பேனா கெட்டுப்போய், கார்ட்ரிஜ் மருந்தை வீணாக்க மனமில்லாமல் வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சுவதுதான் இந்தத் தவறு நேரும் வழி. அதைச் செய்யவே கூடாது.

வாங்கும்போது குப்பியின் லேபிளில் 40 ஐ.யூ. (சர்வதேச யூனிட்) என்றோ 100 ஐ.யூ. என்றோ இருப்பதையும், சிரிஞ்ச் உறையில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வாங்க வேண்டும். கோடுகளையும் பாருங்கள். 40 சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு 1 யூனிட். 100 சிரிஞ்ச் 1 மில்லி அளவில் வந்தால் ஒரு சின்னக் கோடு 2 யூனிட். அரை மில்லி அளவில் வந்தால் 1 யூனிட். பார்வை மங்கிய பெரியவர்கள் கோட்டை எண்ணி ஊசி போடுவார்கள், எண்ணைப் படிக்க மாட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிஞ்ச் மாறும்போது கூட இருந்து பார்க்க வேண்டும்.

அளவு கூடிப்போனால் வியர்வை, கை நடுக்கம், அடக்க முடியாத பசி, பேச்சுத் தடுமாற்றம் வரும். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். நீண்ட நேர இன்சுலின் இரண்டரை மடங்கு போய்விட்டது என்று தெரிந்தால், சர்க்கரை கொடுத்துச் சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருக்கவே கூடாது. அதன் வேலை ராத்திரி முழுக்க நீடிக்கும்.

பேனாவில் கோட்டுக் குழப்பம் இல்லை, ஆனால் வேறு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் ஊசி முனையை மேலே பிடித்து 2 யூனிட் வைத்து அழுத்தி, ஒரு சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகே அளவைத் திருப்ப வேண்டும். அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். 3 மில்லி கார்ட்ரிஜில் 300 யூனிட். காலை, இரவு சேர்த்து 24 யூனிட் போடுபவருக்கு அது பன்னிரண்டரை நாள் வரவேண்டும், ஆனால் சோதனைச் சொட்டுக்கே நாளுக்கு 4 போவதால் பத்தரை நாளில் தீரும். மருந்து குறைவாக அடைத்திருக்கிறார்கள் என்று கடையில் சண்டை போடத் தேவையில்லை. மாறாக, பன்னிரண்டு நாளுக்கு மேல் வருகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

யூனிட் என்பது வேலையின் அளவு என்பதால் வெயிலும் அதைக் குறைக்கும். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசரில் படாமல் வைக்க வேண்டும். திறந்ததைப் பொதுவாக 28 நாளுக்குள், நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்துத் தீர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் 40 டிகிரி சாதாரணம். ஓடு, தகரக் கூரை வீட்டில் பீரோ மேல் கிடந்த குப்பியிலிருந்து 20 கோடு இழுத்தால் அதில் 20 யூனிட் வேலை மிச்சமிருக்காது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், இறுக மூடிய சின்ன டப்பாவில் குப்பியை வைத்து, அதை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைப்பது நல்ல வழி.

மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர்களுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். 6-க்குப் பக்கத்தில் யூனிட்டைக் குறிக்க ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடுகிறார்கள். அவசரக் கையெழுத்தில் அதன் வாய் மூடிவிட்டால் பூஜ்யம். 6 யூனிட் 60 ஆகிவிடும். ‘யூனிட்’ என்று முழுச் சொல்லையும், பக்கத்திலேயே மில்லிக்கு 40-ஆ 100-ஆ என்பதையும் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது, ‘யூனிட்’ என்ற தமிழ் எழுத்தைப் பூஜ்யமாக யாராலும் படிக்க முடியாது.

வைட்டமின் டி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. 60,000 யூனிட் மாத்திரை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்று எழுதப்படுவது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். 60,000 என்ற எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அதன் எடை 1.5 மில்லிகிராம்தான். 60 யூனிட் இன்சுலின் எடை அதைவிட அதிகம், 2 மில்லிகிராம். ஒரு மருந்தின் யூனிட்டை இன்னொரு மருந்தின் யூனிட்டோடு ஒப்பிடவே முடியாது.

தங்கள் செய்திப் பிரிவுக்கு நாங்கள் கேட்பது சிறிய மாற்றம்தான். மின் செய்தியில் சேர்ந்த மொத்தத்துக்கு மட்டும் யூனிட், வேகத்துக்கு மெகாவாட். கட்டுமானச் செய்தியில் ‘யூனிட் (100 கன அடி)’. ரத்தச் செய்தியில் எந்தப் பகுதி, எந்த முறை. மருத்துவப் பக்கத்தில் இன்சுலின் என்று வரும் இடத்திலெல்லாம் ‘மில்லிக்கு 40’ அல்லது ‘மில்லிக்கு 100’. இந்த நான்கில் கடைசியை மட்டுமாவது அடுத்த மருத்துவப் பக்கத்திலிருந்தே தொடங்கி, சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்ணப் படமாக வெளியிட வேண்டுகிறோம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை.

இப்படிக்கு,
மின்வாரியம், கட்டுமானம், மருந்தகம் ஆகிய பணிகளிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள் மூவர்,
திருநகர், மதுரை.